பத்து நாள் பார்த்த நாய்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இவர் காலையில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். குவாஹாத்திக்கு. போய்த் திரும்ப இருபத்தைந்து நாள் ஆகும். பாப்பா போன பிறகு இவர் வண்டி எடுப்பது இதுதான் முதல் தடவை.

வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் வர்றதுக்குள்ள அந்த நாய் இங்க இருக்கக் கூடாது. எங்காச்சும் கொண்டு போய் உடு. இல்லீனா லோகுகிட்டச் சொல்லி அடிச்சுப் போடச் சொல்லு. நான் வந்து பாக்கறப்ப இருந்துச்சுன்னா என்ற கையாலதான் அதுக்குச் சாவு."

சரிங்க என்றேன்.

நாய் அப்போது துணி துவைக்கிற கல்லுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒடுங்கிப் படுத்திருந்தது. இவர் பார்த்தார். கல் எடுக்கவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது.

இது பாப்பாவின் கணக்கு ரப் நோட்டு, அட்டையில் தர்சினி என்று எழுதியிருக்கிறது. பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணல்மாணலாக வரும். முன்பக்கத்தில் நர்ஸ் எழுதச் சொன்னதற்காகப் பத்து நாள் எழுதினேன். இப்போது யாரும் எழுதச் சொல்லவில்லை. வேலைக்குப் போகாத கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பள்ளிக்கூடம் திறந்த ஒரு வாரத்தில், ஜூன் ஒன்பதாம் தேதி, கறிக்கடைச் சந்தில் நாய் பாப்பாவின் கையைக் கடித்தது. ஜூலை பதினாலாம் தேதி போய்விட்டாள். பத்து வயது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வேலைக்குப் போனேன். கோழிப்பண்ணையில் மூன்றாவது ஷெட், முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவது. இருபது நாளுக்கு மேல் போகாததில் கை வேகம் போய்விட்டது. இரண்டைக் கீழே போட்டு உடைத்தேன். என்னோடு அதே ஷெட்டில் எடுக்கிற பெரியக்காள் பார்த்தும் பார்க்காத மாதிரி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

சாயங்காலம் விரிசல் விட்ட முட்டை நாலைக் கேட்டு வாங்கி வந்தேன். வேகவைத்துச் சோற்றில் பிசைந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாய் அசையவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு தட்டு இழுபடுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கார ராஜாமணி அக்கா மாடிப்படியில் நின்று எல்லாம் பார்த்திருக்கிறாள்.

"ஏன் சம்பூரணம், புத்தி கித்தி பெரண்டு போச்சா? பெத்த புள்ளையக் கொன்ன நாய்க்கு முட்டைச் சோறு ஆக்கிப் போடறயே."

"பசிக்குமுல்லக்கா."

"பசிக்கும். எனக்குந்தான் பசிக்குது. இந்த ஏழு வருசத்துல ஒரு முட்டை கொண்டாந்து நீட்டியிருக்கயா நீயி?"

சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டு மேலே போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த லைனில் ஐந்து வீடு. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாப்பாவைக் கடித்த அன்றைக்கு இதைப் பிடித்தது லோகுதான். பைபாஸ் ஓரத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறவன். நான்கு பேர் சேர்ந்து கயிறு போட்டு இழுத்துவந்து பின்பக்க இரும்புத் தூணில் கட்டினார்கள். கடித்த நாயைப் பத்து நாள் பார்க்க வேண்டும், பைத்தியம் பிடித்த நாயாக இருந்தால் பத்து நாளைக்குள் செத்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். தினமும் எழுதி வையுங்கள், ஊசியையும் நிறுத்தாதீர்கள் என்றார். நான் எழுதினேன். சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா என்று. பத்தாம் நாள் அவிழ்த்து விட்டோம். அது எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தட்டு காலி. கிட்டே போனால் ஒண்ணுக்கு விட்டுக்கொள்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

துணி காய வைக்கிற கொடிக்கயிறு அறுந்துவிட்டது. புதுக்கயிற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். நாய் கயிற்றைப் பார்த்ததும் சுவரில் ஏறப் பார்த்தது. ஆள் உயரச் சுவர். நகம் பிறாண்டி விழுந்து மறுபடி ஏறியது. மூன்று தடவை. கயிற்றை வீசிவிட்டு ஓடி வந்தேன். துணியை வீட்டுக்குள் நாற்காலி மேல் காயப்போட்டிருக்கிறேன்.

பத்து நாளும் கட்டி வைத்திருந்தபோது போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை அடித்தார்கள். செத்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும் என்று நான்தான் குறுக்கே நின்று தடுப்பேன். ஆனாலும் வேலைக்குப் போய்விடுவேனே.

மத்தியானம் இவர் போன் செய்தார். விஜயவாடா தாண்டிவிட்டாராம்.

"நாய் போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"ஆரு கொண்டு போனா?"

"தானாப் போயிருச்சுங்க."

லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. "சாப்பிட்டயா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுகாதார நிலையத்தில் எனக்கு நாலாவது ஊசி. பாப்பாவைக் கடைசியில் மடியில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தது. இன்றோடு முடிந்தது. ஒரு தேதியையும் நான் தவறவிடவில்லை. பாப்பாவுக்கு இரண்டுதான் போட்டோம்.

அன்றைக்குப் பத்து நாள் எழுதச் சொன்ன எஸ்தர் சிஸ்டர்தான் அட்டையில் டிக் அடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் வரலையா, அவருக்கும் இன்னிக்குத்தானே?" என்றார். லோடு போயிருக்கிறார் என்றேன். வழியில் எந்த ஆஸ்பத்திரியிலாவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

நாய் வாசலுக்கு நேராக வெயிலில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து கல்லுக்குப் பின்னால் போனது. செவலை நிறம், இரண்டு காதும் நட்டமாக நிற்கும்.

"இது எந்த நாய்ம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுத் திண்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த ராஜாமணி அக்கா சொல்லிவிட்டாள். "அந்தக் கெரகம் புடிச்ச நாய்தானுங்க சிஸ்டர். பாப்பாவக் கடிச்சுது பாருங்க, அதேதான். இவ என்னமோ சீராட்டிட்டு இருக்கா."

சிஸ்டர் வண்டியை விட்டு இறங்காமலே நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜூன் ஒன்பதுக்கு இன்றைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவர் விரல் விட்டு எண்ணவில்லை, எண்ணின மாதிரிதான் இருந்தது.

"இது நல்லா இருக்கேம்மா" என்றார் மெதுவாக.

ஆமாங்க என்றேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் அதற்கும் ஒரு ஊசி போட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். போகும்போது என் தோளில் கை வைத்தார். ஊசி போட்ட இடம், வலித்தது.

ஆகஸ்ட் 13, புதன்

வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிவிட்டு மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். பாப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கவிநயா என்ற பிள்ளை வந்தது. டீச்சர் இரண்டு மிட்டாய் கொடுத்தார்களாம், ஒன்று தர்சினியுடையது என்று நீட்டியது. வாங்கிக்கொண்டேன்.

நாயைப் பார்த்து, "அத்தை, இது இன்னும் இங்கதான் இருக்குதா?" என்றது.

"ஆமா கண்ணு. கிட்டப் போகாத."

"ஒண்ணும் பண்ணாது. இது கடிச்ச நாய் இல்லைல்ல? அதுக்கு ஒரு காது மடங்கியிருந்துச்சுன்னு தர்சினி சொன்னாளே. உங்ககிட்டயும் சொன்னேன்னு சொன்னா."

அந்தப் பிள்ளையைச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். அம்மா தேடுவாள் போ என்று. சின்னப் பிள்ளைகள் எதையாவது சொல்லும்.

மிட்டாயைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். எறும்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கயிறு இல்லாமல் நாயை எப்படி மூன்று கிலோமீட்டர் கூட்டிப் போவது? முட்டையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பத்தடி தள்ளியே வந்தது. நான் நின்றால் நிற்கும். பைபாஸைத் தாண்டும்போது மட்டும் என் புடவையை ஒட்டிக்கொண்டு வந்தது. தாண்டியதும் மறுபடி பத்தடி.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆடும் மாடுமாகக் கூட்டம். எல்லாரும் கயிற்றில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் முட்டையோடு. சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். சம்பூரணம் என்றேன்.

"உங்க பேரு இல்லீங்க, நாய்க்கு."

"அதுக்குப் பேரு இல்லீங்க."

"பேரு இல்லாம சீட்டு போட முடியாதுங்களே. நெறம் என்ன, செவலையா? பிரவுனின்னு போட்டுக்கறேன். இந்தத் தாலுகாவுல பாதி பிரவுனி நான் வெச்சதுதான்."

டாக்டரம்மா பல்லைப் பார்த்து நாலு ஐந்து வயது இருக்கும் என்றார். நான் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைக்குத்தான் முதலில் அதைத் தொட்டேன். உடம்பு முழுக்க உதறியது. என் உள்ளங்கைக்குக் கீழே தாடை எலும்பு தெரிந்தது. கடிக்கவில்லை. கடிக்க நினைத்த மாதிரிகூட இல்லை.

"வளக்கறதுக்குத்தானே? பெரிய நாய், பழகறதுக்கு நாளாகும். அதட்டாம வெச்சுக்கோங்க" என்றார்.

வளர்க்கிறேனா என்று எனக்குத் தெரியாது. அதை அடித்துப் போட்டால் எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வாசல்படியில் தலையை வைத்துப் படுத்தது. உடம்பு வெளியே, தலை மட்டும் படிமேல்.

இவர் போன் செய்தார். லோடு இறக்கியாகிவிட்டது. திரும்பும் லோடுக்குக் காத்திருக்கிறாராம். ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். எதுக்கு என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் திரும்ப இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. யோசித்துப் பார்த்தேன். நாயைப் பண்ணையில் விட்டுவிட்டால் இவர் கண்ணில் படாது, நானும் தினம் பார்த்துக்கொள்ளலாம். காலையில் முட்டையைக் காட்டிக் கூட்டிப்போனேன்.

சூப்பர்வைசர் தம்பி நாயைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, கோழிப்பண்ணைக்கு நாயக் கொண்டாறீங்க. பேங்குக்குத் திருடனக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்குது. மொதலாளி பாத்தாருன்னா உங்களையும் அதையும் சேத்தி வெரட்டுவாரு."

"செத்த கோழிக் குழிப் பக்கம் கெடக்கட்டுங்க தம்பி. ஷெட்டுப் பக்கம் வராது."

"குழிப் பக்கமா? ஜூன் மாசம் அங்க ஒரு நாய் செத்துக் கெடந்து சுண்ணாம்பு போட்டு மூடுனமே, மறந்துட்டீங்களா? போங்கக்கா."

திரும்பி வந்துவிட்டேன். நாய் பின்னாலேயே வந்தது.

ஜூனில் அந்த நாய் செத்துக் கிடந்தது உண்மைதான். பாப்பாவைக் கடித்த ஐந்தாம் நாள். குழியில் ஒரு நாய் கிடக்கிறது என்று பெரியக்காள்தான் வந்து சொன்னாள். எல்லாரும் போய் எட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்று எழுதியதில் ஒன்று பொய்.

பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தேன். செவலை நாய். வாயெல்லாம் நுரை காய்ந்திருந்தது. இடது காது மடங்கி ஒட்டியிருந்தது.

பாப்பா முதல் நாளே சொன்னாள். லோகுவும் மற்றவர்களும் இதை இழுத்துக்கொண்டு வந்தபோது என் பின்னால் நின்றுகொண்டு, "இது இல்லம்மா, அதுக்குக் காது மடங்கியிருந்துச்சு" என்றாள். அவளுக்கு நாய் என்றால் உயிர். அடிக்கப் போகிறார்கள் என்று காப்பாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வாயை மூடு என்றேன். நான்கு ஆம்பிளைகள் இதுதான் என்கிறார்கள், உனக்கென்ன தெரியும் என்றேன். கடி வாங்கியவள் அவள்.

பாப்பாவுக்கு மூன்றாம் ஊசி ஜூன் பதினாறாம் தேதி. அதற்கு முதல் நாள் இவர் போனில் கேட்டார், நாய் எப்படி இருக்கிறது என்று. நன்றாகத் தின்கிறது என்றேன். அப்புறம் எதுக்குப் புள்ளையப் போட்டுக் குத்தற, அழுகறா பாரு, உட்டுத் தொலை என்றார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகக் கை தட்டினாள். ஊசி என்றால் அவளுக்கு அத்தனை பயம்.

குழியில் பார்த்ததை இவரிடம் நான் சொல்லவில்லை. நாய்கள் எத்தனையோ சாகின்றன. இங்கே ஒரு நாய் கட்டிப்போட்டபடி இரண்டு வேளை தின்றுகொண்டிருந்தது. அதையே பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நோட்டைக் கிழித்து எரித்துவிடலாம் என்று அடுப்புக்கிட்டே போனேன். கேஸ் தீர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

சனிக்கிழமை வந்துவிடுவேன் என்று இவர் போன். நாக்பூர் தாண்டிவிட்டாராம். குரல் கொஞ்சம் தெளிந்திருந்தது. வழியில் ஆரஞ்சு வாங்கியிருக்கிறாராம். வாங்கின பிறகுதான் யாருக்கு என்று தோன்றியதாம்.

மழை. நாய் தானாக உள்ளே வந்தது. கதவுக்குப் பின்னால், பாப்பா செருப்பு விடுகிற மூலையில், மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது. விரட்டவில்லை. ஈர நாற்றம் வீடு முழுக்க. ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு மூச்சுச் சத்தம்.

எங்கே கொண்டு போவேன் இதை. எங்கே விட்டாலும் திரும்பி வந்துவிடும். இப்போது அதற்கு வீடு தெரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 30, சனி

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தார். வண்டியை பைபாஸில் நிறுத்திவிட்டு ஆரஞ்சுப் பையோடு நடந்து வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நாய் எழுந்தது. வாசலுக்குப் போய் நின்று குலைத்தது.

இத்தனை நாளில் அது குலைத்து நான் கேட்டதேயில்லை. தொண்டை கட்டின ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இவர் வாசலுக்கு வர வர அதிகமாகக் குலைத்தது. வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நின்றது.

இவர் பையைக் கீழே வைத்தார்.

"என்ற ஊட்டுல நின்னுட்டு என்னையப் பாத்துக் கொலைக்குது" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார். "போயிருச்சுன்னு சொன்னயே."

நேராக லோகு பட்டறைக்குப் போய் டயர் கழற்றுகிற இரும்பு லீவரை எடுத்துக்கொண்டு வந்தார். லோகுவும் பின்னால் வந்தான், கையில் கயிறு. "மாமா, நீங்க சித்தெ இருங்க, நான் மொதல்ல கட்டிப்புடறேன்" என்றான். ஐந்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்துவிட்டார்கள். ராஜாமணி அக்கா படியில். கயிற்றைப் பார்த்ததும் நாய் குலைப்பதை நிறுத்திவிட்டது. என் காலுக்குப் பின்னால் வந்து புகுந்து நின்றது. நடுக்கம் என் கெண்டைக்காலில் ஏறியது.

"தள்ளு" என்றார்.

"இது இல்லீங்க."

"என்ன இது இல்ல?"

"பாப்பாவக் கடிச்சது இது இல்லீங்க. கடிச்ச நாய் அஞ்சா நாளே செத்துப் போச்சு. பண்ணைக் குழியில கெடந்துச்சு. காது மடங்குன நாய். நான் பாத்தனுங்க."

லோகு கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தான். "அக்கா, நாங்க நல்லாப் பாத்துத்தானே புடிச்சோம்" என்றான்.

இவர் லீவரைக் கீழே இறக்கவில்லை. "உனக்கெப்பிடித் தெரியும் அதுதான்னு?"

"பாப்பா சொன்னா. இதக் கட்டிப் போட்ட அன்னைக்கே சொன்னா. இது இல்லம்மான்னு."

"சொன்னாளா?"

"சொன்னாளுங்க. நாந்தான் வாய மூடச் சொன்னேன்."

"குழியில பாத்தப்பறமும் ஊசிக்குக் கூட்டிட்டுப் போகலயா நீ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றைக்கு அவர் போனில் சொன்ன வார்த்தையை நான் சொல்லவில்லை. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதும் இல்லை. இவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

லீவரைச் சுவரோரமாகச் சாத்தி வைத்தார். விழுந்துவிடாமல் இரண்டாம் தடவை சரியாகச் சாத்தினார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

விடிந்ததும், "எங்கன்னு காட்டு" என்றார்.

பண்ணைக்கு நடந்தே போனோம். நாய் பின்னால் வரப் பார்த்தது. வீட்டில் இரு என்றேன், நின்றுகொண்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சூப்பர்வைசர் இல்லை. குழியைச் சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே மறுபடி கோழி போட்டு, மறுபடி சுண்ணாம்பு. ஒன்றும் தெரியவில்லை.

"எந்தப் பக்கம்?"

இந்தப் பக்கம் என்று கை காட்டினேன். உண்மையில் எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

ரொம்ப நேரம் நின்றார். ஒரு கல்லை எடுத்தார். போடவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"நாய் நல்லாத் திங்குதுன்னு சொன்ன நீயி" என்றார்.

"ஆமாங்க."

"நான் கேட்டதுக்கு நீ அதத்தான் சொன்ன."

"ஆமாங்க. அதத்தான் சொன்னேன்."

தலையாட்டினார். அவருக்கு அது போதும்போல. எனக்கும் அதை அவரிடமிருந்து பிடுங்க மனசில்லை. ஒருத்தராவது இந்தப் பாரத்தைத் தூக்காமல் இருக்கட்டும்.

பண்ணை கேட்டுக்கு வெளியே வந்ததும் நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அவர் பைபாஸ் பக்கம் திரும்பினார். வண்டியில் ஏதோ எடுக்கப் போகிறார் என்று நினைத்து உப்புமாவுக்கு வெங்காயம் அரிந்தேன். பதினோரு மணிக்கு லோகு வந்து, மாமா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், உனக்குத் தெரியுமா என்று கேட்டான்.

தெரியும் என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்

போன் எடுக்கவில்லை. ரிங் போகிறது.

ஆரஞ்சு அழுக ஆரம்பித்துவிட்டது. நாய் ஆரஞ்சு தின்பதில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பண்ணையில் பெரியக்காள் என்னோடு பேசுவதில்லை. ஷெட்டின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நான். சூப்பர்வைசர் தம்பி அக்கா என்பதை விட்டு "ஏம்மா" என்கிறார்.

குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி வழி விடுகிறார்கள். முன்பு வரிசைக்குச் சண்டை போடுவார்கள். நாய்க்கு இப்போது யாரும் கல் எறிவதில்லை. லோகு டீக்கடை வர்க்கி வாங்கிப் போடுகிறான். ராஜாமணி அக்காவும் மிச்ச இட்லியை மேலேயிருந்து போடுகிறாள். நாயைப் பார்த்து, "வாயில்லாச் சீவன, நாம வேற அடிச்சுட்டமே" என்றாள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நல்லதுதான். நாய்க்கு அந்தக் கரிசனம் வர வேண்டியதுதான்.

செப்டம்பர் 13, சனி

இவர் தம்பி முருங்கத்தொழுவிலிருந்து வந்தார். உள்ளே வரவில்லை. அண்ணன் துணியும் லைசென்ஸ் ஜெராக்ஸும் கேட்டனுப்பினார் என்றார். எடுத்துக் கொடுத்தேன். நாய் அவரைப் பார்த்து விடாமல் குலைத்தது. அதட்டியும் கேட்கவில்லை.

"அண்ணன் எப்ப வருவாருங்க?"

"எனக்கொண்ணும் தெரியாதுங்க அண்ணி. சொல்லல."

"ஊசி ஒண்ணு பாக்கி இருக்குதுன்னு சொல்லுங்க. நாள் தள்ளிப் போச்சு, இருந்தாலும் போட்டுக்கலாமுன்னு எஸ்தர் சிஸ்டர் சொன்னாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சொல்கிறேன் என்றார். பாப்பாவின் போட்டோவையும் கேட்டனுப்பியிருக்கிறார் என்று கடைசியில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எடுத்தது, ஒன்றுதான் இருக்கிறது. ஆணியிலிருந்து கழற்றித் துடைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 17, புதன்

நாய் இளைத்திருந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. விலா எலும்பு தெரியவில்லை. கூப்பிட்டால் வருகிறது. சாப்பிடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டை விட்டு ஓடுவதில்லை. டாக்டரம்மா நாளாகும் என்றார், அத்தனை நாளாகவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

இவர் பழைய வண்டியை விட்டுவிட்டாராம். வேறு ஏதோ டிரான்ஸ்போர்ட்டில் சேர்ந்து வடக்கேயே ஓட்டுகிறாராம், இந்தப் பக்கம் லோடு வராதாம். லோகு கேள்விப்பட்டு வந்து சொன்னான். என்ன வண்டி, என்ன நிறம் என்று கேட்டேன். தெரியாது என்றான்.

எங்கள் சந்து முனையில் பைபாஸ் ஓரம் இருக்கிற லோகு பட்டறைக்கு லாரிகள் வந்துகொண்டேதான் இருக்கும். ஏர் பிரேக் சத்தம் கேட்டால் போதும், நாய் எழுந்து வாசலில் நின்று குலைக்கிறது. எந்த வண்டி என்று பார்ப்பதில்லை. எல்லா வண்டிக்கும் குலைக்கிறது. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டுப் போகிறவரை விடுவதில்லை.

அது குலைக்கும்போதெல்லாம் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன். இன்றைக்கு மட்டும் ஒன்பது தடவை.